பள்ளம் இறங்கக் கற்றுக்கொடுக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சித்திரை பிறந்து பள்ளிகளுக்கு விடுமுறை விட்டதும் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ஒரு செய்தி தவறாமல் வந்துவிடுகிறது. பவானி ஆற்றில் குளிக்கச் சென்ற மாணவர், வால்பாறைப் பக்கம் ஆற்றுக் கயத்தில் (ஆழமான மடுவில்) இறங்கிய கல்லூரி நண்பர்கள், அருவிக்கு மேலே வழுக்குப் பாறையில் நின்று படம் எடுத்த இளைஞர் என்று ஆளும் ஊரும் மாறுகின்றனவே தவிர, செய்தி மாறுவதில்லை. மறுநாள் அந்த இடத்தில் 'குளிக்கத் தடை' என்று ஒரு பலகை நடப்படுகிறது, முள்வேலி போடப்படுகிறது, ஆடி முடிவதற்குள் அந்த வேலியில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்துவிடுகிறது. மேட்டுப்பாளையம் வட்டத்தில் 32 ஆண்டுகள் புவியியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற நான், இத்தகைய பலகைகளில் பலவற்றின் முன் நின்று படித்திருக்கிறேன். தண்ணீர் எப்போது வரும், எந்தக் கரையில் ஏறித் தப்புவது, பாறையிடுக்கில் கால் சிக்கினால் என்ன செய்வது என்று அவற்றில் ஒன்றுகூட எனக்குச் சொன்னதில்லை. தடையே கூடாது என்பது என் வாதமன்று. தடை போட்டதோடு கடமை முடிந்தது என்று எல்லோரும் கலைந்துவிடுவதுதான் என்னை எழுத வைத்தது. மலை ஓடைகளில் பாதுகாப்பாக இறங்கி வெளியேறும் திறனை முறையாகக் கற்பிக்கவும், அதற்கென நம் மலைகளையே அடிப்படையாகக் கொண்டு தமிழில் ஒரு கள வழிகாட்டி நூலை உருவாக்கவும் அரசுத் துறைகளும் கல்வி நிறுவனங்களும் முன்வர வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

வெளிநாடுகளில் இந்தத் திறனுக்குக் 'கேன்யனீரிங்' என்றும் 'கேன்யனிங்' என்றும் பெயர். செங்குத்தான பாறைச் சுவர்களுக்கு நடுவே ஓடும் நீரின் போக்கிலேயே மேலிருந்து கீழாக நடந்தும் நீந்தியும் சறுக்கியும், அருவி குறுக்கிட்ட இடத்தில் கயிறு கட்டி இறங்கியும் வெளியே வருவது அது. மலையேறுபவர் பாதி வழியில் மனம் மாறினால் வந்த வழியே திரும்பிவிடலாம். இதிலோ ஓர் அருவியில் இறங்கிக் கயிற்றை உருவிக்கொண்டபின் மேலே போக வழி கிடையாது, கீழே உள்ள அத்தனை அருவிகளையும் கயங்களையும் கடந்துதான் ஆக வேண்டும். பிரான்சில் எதுவார் ஆல்ஃபிரெட் மார்த்தெல் என்பவர் 1905-இல் வெர்தோன் ஆற்றின் மலையிடுக்கினுள் புகுந்து ஆராய்ந்தார். இன்று ஆல்ப்ஸ் மலைகளிலும், அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் மணற்கல் இடுக்குகளிலும், ஆஸ்திரேலியாவின் நீல மலைகளிலும் இக்கலைக்குப் பாடத்திட்டம் உண்டு, தரக்குறியீடு உண்டு, சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் வழிகாட்டி நூல்கள் உண்டு.

தமிழில் இதற்கு நிலைத்த சொல் இல்லை. ஆனால் கொங்கு நாட்டுக்காரனுக்குச் சொல்லைத் தேடி அலைய வேண்டிய அவசியமும் இல்லை. மழைக்காலத்தில் மலையிலிருந்து இறங்கி வரும் ஓடையை நாம் பள்ளம் என்றுதானே சொல்கிறோம்? குண்டேரிப்பள்ளம், வரட்டுப்பள்ளம், பெரும்பள்ளம் என ஈரோடு மாவட்டத்தின் மூன்று அணைகள் அந்தப் பெயரையே தாங்கி நிற்கின்றன. ஆகவே இக்கடிதத்தில் 'பள்ளம் இறங்குதல்' என்றே எழுதுகிறேன். சென்னை வாசகர்கள் சாலையில் உள்ள பள்ளத்தை நினைத்துக்கொண்டால் அதற்கு நான் பொறுப்பல்ல.

இது மேல்நாட்டாரின் பொழுதுபோக்கு, நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், நன்னனைக் காணச் செல்லும் கூத்தர்களுக்கு வழி சொல்லும்போது, இரவைப் போல இருண்டு, ஆழமான கயங்களில் குமிழி சுழலும் காட்டாற்று வழி ஒன்றைக் காட்டுகிறது. அங்கே வழுக்குமிடங்கள் உண்டு, மரத்தில் சுற்றிய பருத்த கொடியைப் பற்றிக்கொள்ளுங்கள், பிள்ளைகளோடு ஒருவரை ஒருவர் காத்துக்கொண்டு கடந்து செல்லுங்கள் என்கிறது. இடர் எங்கே இருக்கிறது, பிடிமானம் எது, யார் யாரைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு கள வழிகாட்டி சொல்ல வேண்டியவற்றை அந்தச் சில அடிகளே சொல்லிவிடுகின்றன. செங்குத்துப் பாறையில் தேனெடுக்க ஏறும் மூங்கில் ஏணிக்கு 'மால்பு' என்று தனிச்சொல்லே சங்க இலக்கியத்தில் உண்டு. நீலகிரிச் சரிவுகளில் குறும்பரும் இருளரும் கொடிகளால் ஆன ஏணியில் தொங்கி மலைத்தேன் எடுத்து வந்திருக்கிறார்கள். மேலே நின்று ஏணியைக் காப்பவர் யாராக இருக்க வேண்டும் என்பதற்குக்கூட அவர்களிடம் முறை இருந்ததாகச் சொல்வார்கள்: தொங்குபவனின் மைத்துனன்தான் நிற்க வேண்டுமாம். தன் உடன்பிறந்தாளின் வாழ்வு அந்தக் கொடியில் தொங்குவதால் அவன் கவனம் சிதறாது என்பது கணக்கு. கயிற்றைக் கையாளும் பாடங்களில் 'பிலே' கொடுப்பவரின், அதாவது தொங்குபவரின் கயிற்றைப் பிடித்துக் காப்பவரின், பொறுப்பு என்று பக்கம் பக்கமாக விளக்கப்படுவது இதைத்தான்.

நம் பகுதிக்கென்று ஒரு தனிச் சிக்கலும் இருக்கிறது. காரமடையிலோ உடுமலையிலோ நிற்பவருக்குத் தலைக்கு மேல் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்கும். அதே நேரத்தில் அவர் பார்வைக்கு எட்டாத மேல்மலையில் வானம் கொட்டிக்கொண்டிருக்கும். வால்பாறைக்கு அருகிலுள்ள சின்னக்கல்லாறு தென்னிந்தியாவிலேயே மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. அங்கிருந்து காக்கை பறக்கும் தூரத்தில் உள்ள உடுமலைச் சமவெளியோ மழை மறைவில் காய்ந்து கிடப்பது. இதனால் அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்து முடிவெடுப்பவர் ஏமாந்துபோகிறார். திருமூர்த்தி மலைப் பஞ்சலிங்க அருவியில் குளித்துக்கொண்டிருப்பவர்களை அவசர அவசரமாக வெளியேற்ற நேர்வதும், கோவைக் குற்றாலத்தை நாள்கணக்கில் மூடி வைப்பதும் இந்தக் காரணத்தால்தான். கோடையில் பிற்பகல் இடியோடு வரும் மழை இன்னும் மோசமானது. மண் நீரைப் பிடித்துவைத்து மெல்ல விடும்; பாறை ஒரு சொட்டையும் பிடித்துவைப்பதில்லை. அரை மணி நேரம் பெய்த மழை மொத்தமும் குறுகிய பள்ளத்துக்குள் ஒரே வீச்சில் வந்து சேர்கிறது. ஓடும் நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது நம்மைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது என்பதை வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். முழங்காலளவு நீர்தானே என்று இறங்குபவர்களுக்கு அந்தக் கணக்கு நினைவுக்கு வருவதில்லை.

முறையாகப் பயிற்சி பெற்றவர்களையும் இது விட்டுவைத்ததில்லை. 1999 ஜூலை 27 அன்று சுவிட்சர்லாந்தில் இன்டர்லாக்கன் அருகே சாக்ஸ்டென் ஓடையில் மேல்மலை இடிமழையால் வந்த வெள்ளம் 21 பேரைக் கொண்டுபோயிற்று. அவர்களில் 3 பேர் வழிகாட்டிகள். 2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் சயான் தேசியப் பூங்காவில் கீஹோல் என்ற குறுகலான பள்ளத்தில் இறங்கிய 7 பேர் கொண்ட குழுவில் ஒருவரும் மிஞ்சவில்லை. இவற்றைப் படித்துவிட்டு, அப்படியானால் எதற்குப் பயிற்சி என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். கயிறு பிடிக்கத் தெரிவது பயிற்சியில் பாதிதான், இன்றைக்கு இறங்க வேண்டாம் என்று சொல்லத் தெரிவதுதான் மீதிப் பாதி என்றேன்.

அந்த மீதிப் பாதியை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எழுதப் படிக்கத் தெரியாத ஓர் இருளர் பெரியவர். 1987 சித்திரையில், உடன் பணியாற்றிய ஆசிரியர்கள் நால்வரோடு, வனத்துறை அனுமதி பெற்றுக் கல்லாற்றுக்கு மேலே ஒரு பள்ளத்தைப் பார்க்கப் போயிருந்தேன். வழிகாட்ட அவர் வந்தார். கணுக்காலளவு தண்ணீர், அடியில் கிடந்த கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிந்தது. பாறை மேல் உட்கார்ந்து கட்டுச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தோம். அவர் மட்டும் உட்காரவில்லை. காய்ந்த குச்சி ஒன்றை ஒடித்து, நீர் விளிம்பில் இரண்டு கற்களுக்கு இடையே செருகிவிட்டு, சற்றுத் தள்ளிக் குந்திக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்களில் ஒருவர் அதைக் கிண்டல் செய்ததும் நினைவிருக்கிறது. சிறிது நேரத்தில் குச்சியின் அடி நனைந்தது. மஞ்சள் இலைகளும் சருகும் திரளாக மிதந்து வந்தன. தண்ணீர் இன்னும் கலங்கக்கூட இல்லை. அவர் எழுந்து, "வாத்தியாரய்யா, சோத்தை அப்பறம் உண்டுக்கலாம், எல்லாரும் மேல ஏறுங்க" என்றார். குரலை உயர்த்தாமல் சொன்னதால் நாங்கள் நிதானமாகப் பொட்டலங்களை மடிக்கத் தொடங்கினோம். அவர் என் கையிலிருந்ததைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தோளைப் பிடித்து இழுத்தார். இரண்டு ஆள் உயரத்துக்கு ஏறி நின்று மூச்சு வாங்கியபோது முதலில் ஒரு குளிர்காற்று வந்தது, பிறகு லாரி ஏறுவது போன்ற ஓசை, அதன்பின் செம்மண் நிறத்தில் தண்ணீர். நாங்கள் உட்கார்ந்திருந்த பாறை கண்ணெதிரே மறைந்தது. அன்று எங்கள் தலைக்கு மேல் ஒரு துளி மழை பெய்யவில்லை.

அந்தக் குச்சி எந்தப் பாடநூலிலும் இல்லை. நீர் விளிம்பில் அடையாளம் வைப்பது, சருகுத் திரள், நிறமாற்றம், காற்று, ஓசை என அறிகுறிகள் வரும் வரிசை, எல்லாம் அவர் தந்தையிடம் கற்றது. அவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய பேரன்மார் திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் வேலை செய்கிறார்கள்.

இன்று தனியார் சாகச முகாம்கள் பெருகிவிட்டன. கயிற்றில் இறங்கும் 'ராப்பெல்லிங்' வார இறுதிக் கேளிக்கையாகியிருக்கிறது. பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு முகாமுக்கு உறவினர் பிள்ளைகளை அழைத்துச் சென்றபோது, இறங்கும் கயிற்றின் மேலுறை ஓரிடத்தில் கிழிந்து, அதன்மேல் மின்கம்பிக்குச் சுற்றும் கறுப்பு டேப் சுற்றப்பட்டிருந்ததைப் பார்த்தேன். இந்தக் கயிறு வாங்கி எத்தனை நாளாயிற்று என்று கேட்டதற்குப் பயிற்சி தருபவர் சிரித்துக்கொண்டே, "இன்னும் அறுந்ததில்லை சார்" என்றார். நைலான் கயிறு வெயிலில் கிடந்தே வலுவிழக்கும். பேட்டரி அமிலம் பட்டால் வெளியே தெரியாமலேயே கெடும். வாங்கிய நாள், பயன்படுத்திய நாள், உராய்ந்த இடம் எல்லாவற்றையும் குறித்துவைக்கும் ஒரு நோட்டு ஒவ்வொரு கயிற்றுக்கும் இருக்க வேண்டும். நம் அப்பன் பாட்டன் கிணற்றில் மாடு பூட்டி நீர் இறைக்கும் கவலைக்கு வடம் திரித்த காலத்தில் எந்த வடம் எந்தப் போகத்தில் மாற்றியது என்று வாய்க்கணக்காகவே சொல்வார்கள்.

முடிச்சுகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனெனில் பள்ளத்தின் தனித்தன்மை அங்கேதான் விளங்குகிறது. கன்றுக்குத் தும்பு கட்டும்போது நாம் போடும் முடிச்சு ஒரே இழுப்பில் அவிழ வேண்டும். காய்ந்த பாறையில் மனிதரைத் தாங்கும் முடிச்சு எந்த இழுப்புக்கும் அவிழக் கூடாது. அருவியில் இறங்குபவரைத் தாங்கும் கட்டோ மூன்றாவது வகை: எடையைத் தாங்கிக்கொண்டிருக்கும்போதே மேலே நிற்பவர் அதைச் சிறிது சிறிதாகத் தளர்த்தி ஆளைக் கீழே இறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். இறங்குபவரின் தலைமுடியோ சட்டையோ கயிறு ஓடும் இறங்குவளையத்தில் சிக்கி அவர் அருவிக்கு நடுவில் தொங்கிவிட்டால், முகத்தில் கொட்டும் நீரில் அவருக்கு இருப்பது சில நிமிடங்களே. மேலிருந்து தளர்த்த முடியாத கட்டு அவரை அங்கேயே வைத்துக் கொன்றுவிடும். மலையேற்றப் பயிற்சியில், கை நழுவினாலும் தானாகவே பிடித்து நிறுத்தும் துணைச் சுருக்கு ஒன்றைக் கயிற்றில் போடச் சொல்லிக்கொடுப்பார்கள். காய்ந்த பாறையில் உயிர் காக்கும் அதே சுருக்கு, கொட்டும் நீருக்குள் இறுகிப்போனால் எமனாகும். கயிற்றின் நுனியில் முடிச்சுப் போட்டுவைப்பது காய்ந்த பாறையில் நல்ல பழக்கம். வேகமாக ஓடும் கயத்துக்குள் அந்த முடிச்சு போய்ப் பாறையிடுக்கில் மாட்டினால், நீந்தி வெளியேற வேண்டியவர் கயிற்றோடு பிணைக்கப்பட்டுவிடுவார். ஆகவே ஓடும் நீரில் கயிற்றை நீர்மட்டம் வரை மட்டும் விட்டு, நுனியை வெறுமனே விடுவார்கள். கடைசியில் ஆள் கயிற்றிலிருந்து தானாகக் கழன்று நீருக்குள் விழுவார். மலையேறத் தெரிந்தவருக்குப் பள்ளம் இறங்கவும் தெரியும் என்று நினைத்துவிடக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கட்டும் இடமும் அப்படியே. யூட்டாவின் மணற்கல் மென்மையானது; கயிறு உரசி உரசிப் பாறையிலேயே தடம் விழுந்துவிடும். நீலகிரியின் சார்னகைட் பாறை இரும்பு போன்றது, அங்கே தேய்வது கயிறுதான். அதன்மேல் படரும் கரிய பாசி காய்ந்திருக்கும்போது சொரசொரப்பாகவும், நனைந்ததும் எண்ணெய் தடவியது போலவும் ஆகிவிடும். வெளிநாட்டு நூலை மொழிபெயர்த்து அச்சிட்டு இங்கே பயன்படுத்த முடியாது என்பதற்கு இதுவே போதும்.

பயிற்சியை எங்கிருந்து தொடங்குவது? நீச்சலிலிருந்துதான். என் தலைமுறையில் இடுப்பில் மிதவையாகச் சுரைப்புருடையை (காய்ந்த சுரைக்குடுவையை) கட்டிக் கிணற்றில் தள்ளிவிட்டால் ஒரு கோடைக்குள் நீந்தக் கற்றுக்கொண்டோம். இப்போது கிணறுகள் வற்றி, ஆழ்குழாய்கள் ஆயிரம் அடியைத் தாண்டிவிட்டன. தோட்டத்துப் பிள்ளைகளுக்கே நீச்சல் தெரிவதில்லை. நீந்தத் தெரிந்தவருக்கு அடுத்ததாக ஓடும் நீரில் மிதக்கக் கற்பிக்க வேண்டும்: மல்லாந்து, கால்களை நீர் போகும் திசைக்கு நீட்டி, எழுந்து நிற்க முயலாமல். வேகநீரில் எழுந்து நிற்க முயல்பவரின் பாதம் இரு கற்களுக்கு இடையே மாட்டினால், நீர் அவர் முதுகைத் தள்ளி முகத்தை அமிழ்த்திவிடும். அதன்பின் கயிறு, முதலில் ஊருக்குப் பக்கத்தில் உள்ள ஏதாவது ஒரு கரட்டுப் பாறையில், காய்ந்த நிலையில். கைவிடப்பட்ட கிணறுகளில் பழகலாமே என்று சிலர் சொல்கிறார்கள். உதிரும் கல்கட்டும் அடியில் தங்கும் நச்சுக்காற்றும் இருப்பதால் நான் அதை ஏற்கவில்லை. தை, மாசியில் நீர் மெலிந்திருக்கும்போது, அனுமதிக்கப்பட்ட ஒரு சிற்றருவியில், 6 பேருக்கு ஒரு பயிற்றுநர் என்ற அளவில் நிறைவுப் பயிற்சி. கடைசித் தேர்வு ஒன்று வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம். மாணவர்களை எல்லாக் கருவிகளோடும் பள்ளத்தின் வாய் வரை அழைத்துச் சென்று, அன்றைய அறிகுறிகளைக் காட்டி, முடிவை அவர்களிடமே விட வேண்டும். 'திரும்பிவிடலாம்' என்பதுதான் அன்றைய சரியான விடையாக இருக்க வேண்டும். காசு கட்டி, விடிகாலையில் எழுந்து, படம் எடுக்கும் ஆசையோடு வந்த பிறகு அந்த விடையைச் சொல்வது எவ்வளவு கடினம் என்பது சொல்லிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஆளுக்குப் பஞ்சமில்லை. டார்ஜிலிங்கில் 1954-இலும் உத்தரகாசியில் 1965-இலும் மலையேற்றப் பயிற்சி நிறுவனங்கள் தொடங்கப்பட்டு, அங்கே பயின்றவர்கள் நம் மாவட்டங்களிலும் இருக்கிறார்கள். கிணற்றில் விழுந்த மாட்டையும் மனிதரையும் கயிறு கட்டித் தூக்கும் தீயணைப்புத் துறையினருக்குக் கயிறு புதிதல்ல. ஓடும் நீரை மட்டும் சேர்த்துக் கற்பித்தால் போதும். வனத்துறையின் பயிற்சிக்கழகம் கோவையிலேயே இருக்கிறது. வனக் கல்லூரி மேட்டுப்பாளையத்தில் இருக்கிறது. பில்லூர் அணைப் பக்கம் பரளிக்காட்டில் பழங்குடி மக்களே பரிசல் ஓட்டியும் உணவு சமைத்தும் வருவோரைக் கவனித்துக்கொள்ளும் ஏற்பாட்டை வனத்துறை நடத்திவருகிறது. அதே முறையில் பள்ளம் அறிந்த இருளர், குறும்பர், மலசர், காடர் இளைஞர்களைப் பயிற்றுநர்களாக, உரிய ஊதியத்தோடு அமர்த்தலாம். மூட்டை சுமக்க மட்டும் அவர்களைக் கூப்பிட்டுக்கொண்டு, சான்றிதழை வேறொருவர் வாங்கிப்போகும் ஏற்பாடாக அது ஆகிவிடக் கூடாது.

கள வழிகாட்டி நூலைப் பற்றி எனக்குத் தெளிவான சில எண்ணங்கள் உண்டு. நனைந்தாலும் கிழியாத தாளில், உள்ளங்கை அளவில் இருக்க வேண்டும். முதற்பகுதி எல்லாப் பள்ளங்களுக்கும் பொதுவான திறன்: முடிச்சுகளின் கோட்டோவியம், விசில் குறிகள், முதலுதவி. கொட்டும் அருவியின் அடியில் வாயால் கத்துவது யாருக்கும் கேட்காது என்பதால் விசில் குறிகளை இறங்கும் முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். நிமிடத்துக்கு 6 முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி 6 முறை ஊதுவது மலைகளில் உலகெங்கும் புரிந்துகொள்ளப்படும் அபயக்குறி. அதற்கு மறுமொழி நிமிடத்துக்கு 3. கைப்பேசிக் கோபுரம் எட்டாத நம் காடுகளில் இந்தச் சிறு செய்தி ஓர் உயிரின் விலை பெறும்.

இரண்டாம் பகுதியில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு தாள். அமெரிக்கர்கள் கயிற்றுவேலையின் கடினத்துக்கு 1 முதல் 4 வரை, நீருக்கு மூன்று எழுத்துகள், ஆகும் நேரத்துக்கு ரோமன் எண்கள் என்று மூன்று குறிகளில் ஒரு பள்ளத்தின் தன்மையைச் சொல்லிவிடுகிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் செங்குத்துக்கும் நீருக்கும் தனித்தனியே 1 முதல் 7 வரை மதிப்பிடுகிறார்கள். நமக்கு இவற்றோடு இன்னும் இரண்டு குறிகள் தேவை: மேலே அணையோ மின்நிலையமோ உண்டா என்பது ஒன்று, யானைத்தடமும் மலைத்தேனீக் கூடுகளும் உண்டா என்பது மற்றொன்று. பாறை முகட்டில் தொங்கும் மலைத்தேன் கூட்டுக்குக் கீழே சத்தம் போட்டுக்கொண்டு கயிற்றில் தொங்குபவரைத் தேனீக்கள் கொட்டத் தொடங்கினால் அவரால் ஓடவும் முடியாது. தாளில் மிக முக்கியமாகப் பொறிக்க வேண்டியது, 'இதற்குமேல் திரும்ப முடியாது' என்ற இடமும், அதற்குப்பின் வெள்ளம் வந்தால் கரையேறித் தப்பக்கூடிய இடங்களும். கயங்களின் ஆழத்தை மட்டும் அச்சிடவே கூடாது. ஒவ்வொரு பருவமழையும் புதுக்கல்லையும் மணலையும் கொண்டுவந்து நிரப்புகிறது; போன தையில் 15 அடி இருந்த கயம் இந்தத் தையில் இடுப்பளவாக இருக்கலாம். 'நூலில் போட்டிருந்தது' என்று தலைகீழாகக் குதிப்பவரின் கழுத்தெலும்புக்கு நூலாசிரியர் பதில் சொல்ல வேண்டிவரும். அந்த இடத்தில் 'ஒவ்வொரு முறையும் இறங்கி அளந்து பார்க்கவும்' என்று எழுதிக் கோடிட்டு விட்டால் போதும். கடைசிப் பக்கத்தைக் கிழித்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகும்படி அமைக்கலாம்: எந்தப் பள்ளம், எத்தனை பேர், எந்நேரத்துக்குள் திரும்பாவிட்டால் 112-ஐ அழைப்பது. ஆரன் ரால்ஸ்டன் என்ற அமெரிக்கர் 2003 ஏப்ரலில் யூட்டாவில் ஒரு பள்ளத்தில் பாறைக்கடியில் கை சிக்கி ஐந்து நாள்களுக்கு மேல் கிடந்து, கடைசியில் தன் கையைத் தானே வெட்டிக்கொண்டு வெளியே வந்தார். தான் எங்கே போகிறேன் என்பதை அவர் எவரிடமும் சொல்லியிருக்கவில்லை.

பள்ளங்களின் பெயர்கள் அந்தந்த மலைவாழ் மக்கள் சொல்லும் பெயர்களாகவே இருக்க வேண்டும். பெயரிலேயே எச்சரிக்கை ஒளிந்திருப்பது உண்டு. சுற்றுலாத் துறைக்காரர்கள் சூட்டும் 'வெள்ளி அருவி', 'தேவதை அருவி' போன்ற பெயர்களில் அழகைத் தவிர வேறு ஒன்றும் இருப்பதில்லை.

இப்படி ஒரு நூல் வந்தால் ஆசை கிளம்பி இன்னும் பலர் காட்டுக்குள் நுழைந்துவிடுவார்களே என்ற அச்சம் நியாயமானது. குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று நேர்ந்த காட்டுத்தீயை நாம் மறக்கவில்லை. அதன்பின் மலையேற்றத்துக்கு அரசு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 40 வழித்தடங்களோடு 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தையும் தொடங்கியது. அந்தத் தடங்கள் நடப்பவர்களுக்கானவை. பள்ளங்களுக்கு அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. என் யோசனை, நூலின் இரண்டாம் பகுதியில் வனத்துறை அனுமதிக்கும் பள்ளங்களை மட்டும் சேர்ப்பது என்பதே. புலிகள் காப்பகத்தின் உட்பகுதிகளும், யானை வழித்தடங்களில் உள்ள அருவிகளும் அதில் இடம்பெறக் கூடாது. முதல் பதிப்பில் நான்கே நான்கு பள்ளங்கள் இருந்தாலும் போதும். அனுமதியில்லாத இடங்களுக்குப் போகிறவர்கள் நூல் இல்லாமலேயே இன்று போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். கைப்பேசியில் முப்பது விநாடிக் காட்சியாக வழி காட்டப்படுகிறது; அதில் அருவியின் அழகு இருக்கிறது, தண்ணீர் எப்போது பெருகும் என்பது இல்லை.

இறுதியாகத் தங்களிடமே ஒரு விண்ணப்பம். மேட்டூர், பவானிசாகர் அணைகளின் நீர்மட்டத்தை நாளிதழ்கள் பாசனத்துக்காக நாள்தோறும் வெளியிட்டுவருவது விவசாயிகளுக்குப் பெரும் உதவி. பில்லூர் அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 100 அடி. அதை நெருங்கினாலும், மின்னுற்பத்திக்குத் தண்ணீர் திறந்தாலும், மேட்டுப்பாளையத்தில் பவானிக் கரையில் துணி துவைப்பவரும் குளிப்பவரும் சில மணி நேரத்தில் வித்தியாசத்தை உணர்வார்கள். காலையில் மணல்திட்டில் நடந்து அக்கரைக்குப் போனவர்கள் மாலையில் திரும்ப முடியாமல் நிற்பதை என் வாழ்நாளில் பலமுறை கண்டிருக்கிறேன். சித்திரை முதல் ஐப்பசி வரை, வெள்ளிக்கிழமை, சனிக்கிழமை இதழ்களிலாவது, பில்லூர் நீர்மட்டத்தையும், சின்னக்கல்லாறு, வால்பாறை, குன்னூர், கோத்தகிரி ஆகிய மேல்மலை ஊர்களில் முந்தைய நாள் பெய்த மழையளவையும் மாவட்டப் பக்கத்தின் மேல் மூலையில் ஒரு சிறு கட்டத்தில் வெளியிட வேண்டுகிறேன். ராசிபலனுக்குக் கொடுக்கும் இடத்தில் நான்கில் ஒரு பங்கு இதற்குப் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் ஒருவர்,
மேட்டுப்பாளையம் வட்டம், கோவை மாவட்டம்.